அணுக்கதைகளில் உவமை: உருவிலிருந்து வினைக்கு

தொல்காப்பியர் உவமத் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறார். அணுவைப் பொருளாகக் கொண்ட அமெரிக்க அறிவியல் புனைகதைகளை இப்பகுப்பின்வழி நோக்கினால் 1939ஐ ஒட்டி ஒரு திருப்பம் புலனாகிறது.

ரூதர்போர்டு 1911இல் அணுக்கருவைக் கண்டறிந்தபின் சூரியக் குடும்பமே அணுவிற்கு உவமையாயிற்று. ரே கம்மிங்ஸ் 1919இல் எழுதிய கதையில் ஒரு தங்க மோதிரத்தின் அணுவிற்குள் ஓர் உலகமும் அதில் ஒரு பெண்ணும் காணப்படுகின்றனர். இது முற்றிலும் உரு உவமை. அங்கே அணு ஒரு வீடு. அது எதுவும் செய்வதில்லை.

1938ஆம் ஆண்டின் இறுதியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்ட விளைவை மைட்னரும் ஃபிரிஷ்ஷும் நீர்த்துளி நீண்டு இரண்டாவதாக விளக்கினர். அதற்குப் 'பிளவு' என்னும் பெயரை ஃபிரிஷ் உயிரணுப் பிரிதலிலிருந்து எடுத்துக்கொண்டார். இயற்பியலாரே வினை உவமைக்கு வந்துவிட்டனர் என்பது கருதத்தக்கது.

'அஸ்டவுண்டிங்' இதழில் 1940 செப்டம்பரில் வெளிவந்த ராபர்ட் ஹைன்லைனின் கதை இதன் முழுமை. யுரேனிய மின்நிலையத்தில் ஒருவர் பிழைத்தால் எல்லாம் வெடிக்கும். ஆகவே பொறியாளர்களை உளவியலாளர் இடையறாது கண்காணிக்கின்றனர். அக்கண்காணிப்பே அவர்தம் அச்சத்தைப் பெருக்குகிறது. ஒரு நியூட்ரான் பலவற்றை வெளிப்படுத்துவதுபோல ஓர் ஐயம் பல ஐயங்களை ஈனுகிறது. எது உவமை, எது பொருள் எனப் பிரிக்க இயலாதவாறு உலையும் உள்ளமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. லெஸ்டர் டெல் ரேயின் 'நரம்புகள்' (1942) அணுவுலை விபத்தை ஒரு மருத்துவர் வழியாகக் கூறுகிறது. தலைப்பே உவமையாகிவிடுவதால், கதை அதற்குமேல் உவமை தேடுவதில்லை.

கொச்சி வட்டாரத்தில் இது ஏட்டளவில் நிற்கும் பேச்சன்று. மணவாளக்குறிச்சி, சவறைக் கரைகளின் மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலை ஆலுவாய் அருகே 1952இல் தொடங்கப்பட்டது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இரு மொழிக் கலைச்சொற்களை ஒப்பிடுவதும் எளிது. மலையாளம் 'அணுகேந்திரம்' என்றும் 'சிருங்கலா பிரவர்த்தனம்' என்றும் வழங்குகிறது. முன்னது நடுவிடத்தையும் பின்னது சங்கிலியையும் காட்டும் உருச் சொற்கள். தமிழோ 'அணுக்கரு', 'தொடர்வினை' என்கிறது. கருவில் உயிர்ப்பும் வினையில் ஊழும் தாமே வந்து சேர்கின்றன. வினை உவமை நம் சொல்லிலேயே உறங்குகிறது எனலாம்.

இது பேறு போலத் தோன்றினும் மொழிபெயர்ப்பாளருக்கு இடர். ஹைன்லைன் கதையில் வெடிப்பு பற்றிய அச்சம் ஊழால் வந்ததன்று; மனிதர் வகுத்த கண்காணிப்பு முறையால் பெருகியது. 'தொடர்வினை' என்று மட்டும் எழுதினால் முற்பிறப்பின் நிழல் அவ்வுலையின்மேல் விழுந்துவிடும்.