ஆண்டே முதற் சாட்சி

வரலாற்றைக் கற்பது வேறு. வரலாற்றை விசாரிப்பது வேறு. முன்னதை நம் பிள்ளைகளுக்கு நிறையவே புகட்டுகிறோம். பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மாதவரத்தில் மாலை வேளைகளில் நம்மிடம் பாடம் கேட்க வரும் கல்லூரி மாணவர் சிலர், எம்டன் கப்பலைப் பற்றிக் கட்டுரை எழுதி வந்தனர். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதும், எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததும், மக்கள் ஊரைவிட்டு ஓடியதும் வடசென்னையார் தலைமுறை தலைமுறையாகப் பேசிவருபவை. எதற்கும் துணிந்தவனை ‘எம்டன்’ என்னும் வழக்கும் அதிலிருந்து பிறந்ததே. நிற்க, எல்லாக் கட்டுரைகளிலும் மற்றொரு செய்தியும் இருந்தது: அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது.

“இதற்குச் சான்று யாது?” என்றோம்.

“எல்லாரும் சொல்கிறார்களே, ஹஜ்ரத்!” என்றார் ஒருவர்.

அப்போது அவர்களுக்குப் பழைய நிகழ்ச்சியொன்றைக் கூறினோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் ஓர் ஆவணம் வெளிப்பட்டது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியை நீக்கி நபி (ஸல்) அவர்கள் எழுதுவித்தது என்றும், தோழர்கள் அதற்குச் சாட்சி என்றும் கூறப்பட்டது. கலீஃபாவின் அமைச்சர் அதனை அறிஞர் கதீபுல் பக்தாதி அவர்களிடம் காட்டினார். “இது போலி” என்றார் அவர். சாட்சிகளுள் ஒருவர் முஆவியா (ரலி). அவர் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது. கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7இல். மற்றொருவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்! ஆண்டுகளே அப்போலியைக் காட்டிக்கொடுத்தன.

“இதே உரைகல்லில் எம்டனையும் உரைத்துப் பாருங்கள்” என்றோம்.

மறுவாரம் வந்தனர். எம்டன் 1914 ஆகஸ்டில் சீனக் கடற்கரையை விட்டகன்று, நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே வீழும்வரை கீழ்த்திசைக் கடல்களிலேயே திரிந்தது. செண்பகராமனோ அவ்வாண்டு சூரிச்சில் குழு அமைத்து இயங்கி, அக்டோபரில் பெர்லின் சென்றார். அக்கப்பலில் இருந்தவர் அம்மாதம் பெர்லினில் இருத்தல் எங்ஙனம்?

“அப்படியானால் நம் பெருமை போயிற்றா?” என்று ஒரு மாணவர் முகம் வாடினார்.

போகவில்லை. 1934இல் பெர்லினில் மறையும்வரை அயல்மண்ணில் நாட்டு விடுதலைக்கு உழைத்தவர் அவர். அதற்குச் சான்று உண்டு. பொய்ச் சாட்சி ஒன்று கலந்தால் மெய்ச் சாட்சிகளும் ஐயத்துக்குள்ளாகும். அதுவே அவருக்கு நாம் செய்யும் தீங்கு.

ஆயினும் அப்பத்தியை அடித்துவிட நாம் சொல்லவில்லை. மக்கள் நம்புவது இது, ஆண்டுகள் காட்டுவது இது, நாம் துணிவது இது என மூன்றையும் கலவாமல் எழுதச் சொன்னோம். வெள்ளை ஆட்சியை நடுங்கவைத்த கப்பலில் நம்மவர் ஒருவரைக் காண மக்கள் விழைந்தனர், அவ்விழைவும் வரலாறே.

நம் இல்லப் பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ் ஏடுகளையும் வக்ஃபுப் பத்திரங்களையும் நாளை படிக்கவிருப்போர் இப்பிள்ளைகளே. அன்போடு படிக்கட்டும்; ஆண்டையும் கேட்டுப் படிக்கட்டும்.