பழைய தேசப்படங்களும் மலாக்காத் தமிழரும்

ரப்பர் மரத்தோடுதான் தமிழன் மலாயாவிற்கு வந்தான் என்னும் எண்ணம் நம்மவருள்ளும் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. இதனை மறுக்க மேடையேறுவோரோ, கடாரங்கொண்ட சோழன் பெருமை பேசி அமர்ந்துவிடுகின்றனர். பெருமை வேறு, சான்று வேறு. சான்று வேண்டுவோர் பழைய தேசப்படங்களை நோக்குதல் வேண்டும்.

முற்காலத்தில் தேசப்படம் அரசாங்க இரகசியமாக இருந்தது. வாசனைச் சரக்கு வாணிபத்தின் கடல்வழியைப் பிறர் அறியலாகாதென்று போர்த்துக்கல் அரசு அதனைக் காத்தது. 1502-இல் ஆல்பர்ட்டோ கான்டினோ என்பார் அத்தகைய உலகப்படம் ஒன்றை லிஸ்பனில் மறைவாகப் பெற்று, இத்தாலியிலுள்ள பெராராப் பிரபுவுக்குச் சேர்ப்பித்தார். போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511-இல். அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே அப்படத்தில் மலாக்காவின் பெயர் ஏறிவிட்டது!

இன்றோ அப்பூட்டுகள் திறந்துவிட்டன. மொடேனா நூலகத்திலுள்ள அப்படத்தையும், ஹேக் நகர ஆவணக் காப்பகத்திலுள்ள ஒல்லாந்தக் கம்பெனியின் படங்களையும் மின்னிலக்கப் பிரதிகளாக எவரும் கட்டணமின்றிக் காணலாம். செர்காமில் வாழும் தொழிலாளிக்கும் ஒரு கைப்பேசி போதும்.

இத்தகைய படங்களுள் நமக்கு முதன்மையானது மேனுவல் கொடின்யோ டி எரேடியா வரைந்த மலாக்கா நகர்ப்படமாகும். அவர் 1563-இல் மலாக்காவிலேயே பிறந்தவர். தந்தை போர்த்துக்கீசியர், தாய் செலிபிஸ் தீவினர். அவர் 1613-இல் எழுதிய நூலின் கையெழுத்துப் பிரதி பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கிறது. அது 1882-இல் படங்களோடு அச்சேறியது. 1930-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆற்றுக்கு வடமேற்கே, கோட்டைக்கு வெளியே, ‘கம்போன் செலிம்’ என்றொரு பகுதியை அவர் குறிக்கிறார். அங்கே சோழமண்டலக் கரையார் வாழ்ந்தனர் என்றும் எழுதுகிறார். கம்போங் கிளிங் என்பதே அப்பெயர். பிற்காலத்தில் வசையாக மாறிய சொல், அன்று ஒரு குடியிருப்பின் பெயர். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் ஆற்றின் அதே பக்கத்தில்தான் நிற்கிறது. மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டது 1896-இல். எரேடியாவின் படமோ அதற்கு 283 ஆண்டு மூத்தது.

எனினும் படத்தை அப்படியே நம்பிவிடலாகாது. வரைந்தவர் போர்த்துக்கல் அரசின் ஊழியர். நம்மவர் இருந்த இடத்தை அவர் காட்டினார்; அங்கே சுமை தூக்கியவன் எங்கே உறங்கினான் என்பதைக் காட்டவில்லை.

இக்குறை இன்றைய படங்களுக்கும் உண்டு. கிராணி வேலை பார்க்கும் நாம் இதனை நன்கறிவோம். தோட்டப் படத்தில் காட்டு நம்பர், பரப்பு, நட்ட ஆண்டு யாவும் இருக்கும். லயத்திற்கும் கோயிலுக்கும் கிடைப்பது ஒரு புள்ளியே. தோட்டம் கைமாறி லயம் இடிபட்டபின் அப்புள்ளியும் மறைகிறது. பின்னர்ப் பள்ளிக்கோ கோயிலுக்கோ நிலம் கேட்டுச் சென்றால், சான்று எங்கே என்கின்றனர்.

ஆதலின் தோட்டந்தோறும் படித்த இளைஞர் முன்வருதல் வேண்டும். லயம், பள்ளி, கோயில், சுடுகாடு ஆகியவற்றின் இடத்தையும் பெயரையும் முதியோரிடம் கேட்டுப் படமாக வரைந்து, ஆண்டு குறித்து, மின்னிலக்கப் பிரதியும் எடுத்து வைத்தல் வேண்டும். அம்முதியோர் இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும்.