42-ஆம் நம்பர் அறையும் சேத்துப்பட்டு ஆராய்ச்சியும்

மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்றார். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. உனக்கும் வரலாற்றுக்கும் என்னடா சம்பந்தம் என்று எங்கள் பேட்ச்காரர்கள் கேட்பார்கள். நெடுநாளாக மனதை உறுத்திக்கொண்டிருந்த ஒரு சங்கதியைத் தேடிப் போனேன். போன இடத்தில் வரலாறு கிடைத்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டில் ஹாஸ்டல் 42-ஆம் நம்பர் அறையில் நாங்கள் மூன்று பேர். அதில் ஒருவனுக்கு விடாத இருமல். மூன்று மாதத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தான். மூவரும் இருமல் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். சளியை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் ஒரே டம்ளரில் டீ, ஒரே தட்டில் பரோட்டா, ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடிய விடியப் படிப்பு. நான்காவதாகப் போன இடத்தில்தான் காசநோய் என்று தெரிந்தது. உடனே மருந்து ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் கழித்து வகுப்புக்குப் போகலாம் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

சீட்டோடு வந்தவனை நாங்கள் அறைக்குள் விடவில்லை. மெஸ்ஸில் அவனுக்குத் தனித் தட்டு வைத்தோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். ஒரு வருஷம் வீணாகி, எங்களுக்கு ஜூனியராகப் படித்து முடித்தான்.

நாங்கள் பயந்தது நியாயம்தானா? இந்தக் கேள்விக்கு நம்ம சென்னையிலேயே, நாங்கள் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே விடை கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மின்சார ரயிலில் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷன் பெயரைத் தினமும் கேட்டிருப்பார்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே ஒரு காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நோய்க்கென்று மருந்து கிடையாது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இதுதான் வைத்தியம். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ். இரண்டும் வந்தன, 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மருந்து வந்த பிறகும் சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் மட்டும் டாக்டர்களிடம் போகவில்லை. நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். மீதிப் பேர் என்ன செய்வது?

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்து முன்னின்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

அவர்கள் செய்த காரியத்தை எந்த என்ஜினீயரும் ரசிப்பார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். டாக்டர் பொறுக்கினால் மோசமான கேஸை சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். ஒப்பீடு அங்கேயே கெட்டுப்போகும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷத்துக்கு. சானடோரியத்தில் கட்டில், நர்ஸ், சத்தான சாப்பாடு. வீட்டுக்காரர்களுக்கு அதே நெருக்கடியான ஒற்றை அறை, அதே அரைவயிற்றுச் சாப்பாடு, பலருக்குப் பிழைப்பையும் விட முடியாத நிலை.

மருந்தைக் கொடுத்தால் போதாது, சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டுகிற மருந்து. நைசாகத் தூக்கிப் போடத் தோன்றும். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். எங்கள் கம்பெனியில் 'சர்ப்ரைஸ் ஆடிட்' என்று நாங்கள் பீற்றிக்கொள்வது இதுதான்!

முடிவு 1959-ல் வெளியானது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அந்தச் சின்ன வித்தியாசமும் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது நிலைக்கவில்லை. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடியிருந்தார்கள், ஆனால் கிருமியை ஒழித்தது மருந்துதான். உலகம் முழுக்க சானடோரியங்களின் கதவை மூட வைத்ததில் இந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

என்னை அதிகம் பாதித்தது இன்னொரு பகுதி. நோயாளியோடு ஒரே அறையில் படுத்து எழுந்த மனைவி, பிள்ளை, தம்பி, தங்கைகளையும் அந்த மையம் ஐந்து வருஷம் கண்காணித்தது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவரின் குடும்பத்துக்கு, சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிடக் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. வீட்டாருக்கு நோய் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அதாவது எங்களுக்கு ஆபத்து இருந்தது சிரப் குடித்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாதத்தில். அப்போது அவனோடு பரோட்டா சாப்பிட்டோம். மருந்து ஆரம்பித்து ஆபத்து குறைந்துகொண்டு வந்த நேரத்தில் தட்டைத் தனியாக வைத்தோம்.

அந்தச் சிரப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பெங்களூரில் 1959-ல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனத்தில் பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்து 1963-ல் வெளியிட்டார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விவரம் போதாது, அதனால் டாக்டரிடம் வருவதில்லை என்றுதான் அதுவரை பேச்சு. விசாரித்தால், நோய் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். ஒரு பாட்டில் இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து டெல்லியில், பயிற்சி கொடுத்த நடிகர்களைக் காசநோயாளி போல டாக்டர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். யாரை நடிகர் என்று டாக்டருக்குத் தெரியாது. 2015-ல் வந்த முடிவு: 250 சந்திப்புகளில் சரியாகக் கவனிக்கப்பட்டவை 21 சதவீதம். எங்கள் லைனில் நூற்றுக்கு இருபத்தொன்று தேறினால் அன்றைக்கே லைனை நிறுத்திவிடுவோம்.

சேத்துப்பட்டுக்காரர்கள் சொன்னதே முடிந்த முடிவு என்றும் நினைக்க வேண்டாம். சாப்பாடு விஷயத்தில் கதை திரும்பியிருக்கிறது. அதே நிறுவனம் (2011 முதல் அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) மங்களூர் மருத்துவக் குழுவோடு சேர்ந்து ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தியது. நோயாளியின் குடும்பத்தினர் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, 2023-ல் வெளியிட்டார்கள். வந்த நோயைக் குணமாக்க மருந்து, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு வராமல் தடுக்கச் சோறு. 1956-ல் கேட்ட கேள்வி முதலாவது மட்டும்தான்.

இப்போது ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை கேளுங்கள். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பைசா செலவில்லை.

இதை எழுதுவதற்கு முன் நண்பனுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். "எழுதுடா, பேரை மட்டும் போடாதே" என்றான். பேச்சுவாக்கில், அந்த மனுவை யார் ஆரம்பித்தது என்று இன்றுவரை தெரியாது என்றும் சொன்னான். போனில் எனக்கு வாய் வரவில்லை. மலர் வெளிவரும்போது படிப்பான். சந்திப்பு அன்று ராத்திரி ஹாஸ்டலில் தங்க அவனும் பெயர் கொடுத்திருக்கிறான். 42-ஆம் நம்பர் அறைக்கு நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.