லாகின் ஆனதும் முதலில் ஓடுவது எது?



உங்களில் பலர் கணக்குப் பிரிவிலும் கிடங்கிலும் வங்கியிலும் வேலை பார்க்கிறீர்கள். காலையில் கணினியில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும், நீங்கள் எதையும் தொடாமலே ஒரு மெனு திறக்கிறது. அதைத் தாண்டி வேறெங்கும் போக முடிவதில்லை. "எங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல்தானே சார் இப்படிக் கட்டிப் போடுகிறார்கள்?" என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. இதற்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

அந்தக் காலத்தில் கணினி ஒரு நேரத்தில் ஒருவர் வேலையைத்தான் செய்யும். துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு, பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. அதன் பெயர் சி.டி.எஸ்.எஸ். பலர் புழங்கும் வீடு என்றால் யார் வந்தது என்று தெரிய வேண்டுமே! கணினியில் கடவுச்சொல்லை முதலில் கையாண்ட அமைப்புகளில் அதுவும் ஒன்று.

அங்கே வேலை செய்த பிரெஞ்சுக்காரர் லூயி பூசான், தினமும் அதே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அடிப்பதற்கு ஒரு மாற்று கண்டார். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து, ஒரே சொல்லில் ஓடவிடும் 'ரன்காம்' என்ற புரோகிராமை எழுதினார். யூனிக்ஸில் இன்றும் தொடக்கக் கட்டளைக் கோப்புகளின் பெயரில் வரும் 'ஆர்.சி.' என்ற இரண்டு எழுத்து அதன் மிச்சம்தான். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், லாகின் ஆனதும் 'புரொஃபைல்' என்ற கோப்பு தானாக ஓடியது. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பயனரே எழுதிக்கொள்ளலாம். ஆக, இந்த ஏற்பாடு பயனரின் வசதிக்காகப் பிறந்தது.

வியாபாரக் கணினிக்கு வந்தபோது எழுதும் கை மாறியது. 1988 ஜூனில் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய ஏ.எஸ்/400 கணினியில், ஒவ்வொரு பயனரின் பதிவிலும் 'தொடக்க புரோகிராம்' என்று ஓர் இடம் உண்டு. அதை நிரப்புவது நிர்வாகி. ஆர்டர் பதிவு செய்பவர் உள்ளே வந்தால் ஆர்டர் திரை மட்டும் வரும். அதை விட்டு வெளியேறினால் கணினியை விட்டே வெளியேறிவிடும்படி அமைக்கலாம். ஆனால் லாகின் திரையிலேயே வேறு புரோகிராமின் பெயரை அடிக்கவும் ஓர் இடம் இருந்தது. அதைத் தடுக்க, பயனரின் பதிவில் 'திறன் வரம்பு' என்ற இன்னொரு அமைப்பையும் போட வேண்டும். கதவைப் பூட்டியவர் ஜன்னலையும் பார்க்க வேண்டும் அல்லவா! 1992-ல் வந்த எஸ்.ஏ.பி. ஆர்/3-யிலும், லாகின் முடிந்ததும் நிறுவனம் தானே எழுதிய நிரலை ஓடவிட ஓர் இடம் உண்டு.

இது அவநம்பிக்கையா? ஓரளவு ஆம். ஆனால் அந்த மெனு உங்களையும் காக்கிறது. ஒரு கோப்பு அழிந்துபோனால், "அந்தப் பக்கம் போக எனக்கு வழியே இல்லை" என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

என் கவலை வேறு. லாகின் ஆனதும் ஓடுவது உங்கள் பெயரில் ஓடுகிறது, எழுதியது வேறொருவர். அவர் கை தவறினால் எல்லோருக்கும் பாதிப்பு. கொர்பாட்டோ தமது 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் ஒரு சம்பவம் சொன்னார். சி.டி.எஸ்.எஸ்.ஸில் லாகின் செய்தவுடன் அன்றைய அறிவிப்பு வரும். ஒரு நாள் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாப் பயனர்களின் கடவுச்சொல் பட்டியலும் வந்துவிட்டது! திருடன் யாரும் வரவில்லை. ஒருவர் அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். திருத்தும் புரோகிராம் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு வைத்ததால், ஒன்று மற்றொன்றின் இடத்துக்குப் போய்விட்டது.

அதனால் கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளே, வாசலில் ஓடும் புரோகிராமைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். சரிபார்த்து, யார் எப்போது மாற்றினார்கள் என்று எழுதி வையுங்கள். மற்றவர்களே, அவசரம் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். கணினிக்கு முகம் தெரியாது, பெயர்தான் தெரியும். பதிவேட்டில் நிற்பது உங்கள் பெயர். "என் பெயரில் முதலில் என்ன ஓடுகிறது?" என்று நிர்வாகியிடம் கேளுங்கள், கேட்பது தப்பில்லை.

உங்கள் அலுவலகத்தில் லாகின் ஆனதும் முதலில் என்ன வருகிறது? கடவுச்சொல்லை மட்டும் விட்டுவிட்டு, கீழே எழுதுங்கள்!