வைரத்தின் ஒளிப்படச் சோதனை

வைரத்தின் ஒளிப்படச் சோதனை என்பது, பட்டை தீட்டப்பட்ட வைரம் தன்மேல் விழும் ஒளியை எந்த அளவுக்குப் பார்ப்பவரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது என்பதை, கட்டுப்படுத்தப்பட்ட ஒளியமைப்பில் எடுத்த படங்களைக் கொண்டு மதிப்பிடும் முறையாகும். வைரத்தின் மதிப்பு எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கைப் பொறுத்து அமைகிறது. இவற்றுள் எடையைத் தராசும், நிறத்தை ஒப்பீட்டு மாதிரிக் கற்களும், தெளிவை உருப்பெருக்கியும் காட்டிவிடும். வெட்டின் தரத்தை வெறுங்கண்ணால் அறுதியிடுவது கடினம். கடையின் கூர்மையான விளக்குகளின் கீழ் குறைபட்ட வெட்டுடைய கல்லும் மின்னும்.

தமிழ் மரபில் மணிச் சோதனை

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பூம்புகார், பண்டைய சோழர்களின் துறைமுக நகரமாகும். இன்று இது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. இந்நகரின் மருவூர்ப்பாக்கத்துத் தெருக்களில் முத்தும் மணியும் பொன்னும் அளவின்றிக் குவிந்திருந்ததைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை விவரிக்கிறது.

அதே காப்பியத்தின் ஊர்காண் காதை, மதுரையின் மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்து, வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம் (காக்கையின் கால் போன்ற கீற்று), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு) ஆகியவற்றைச் சுட்டுகிறது. இவை பெரும்பாலும் இன்று 'தெளிவு' என்னும் தலைப்பில் ஆராயப்படும் குறைகளே. வெட்டின் தரம் இப்பட்டியலில் இல்லாததற்குக் காரணம் உண்டு. பழங்காலத்தில் வைரம் பெரும்பாலும் எண்முகப் படிகமாக, இயற்கை வடிவிலேயே பயன்படுத்தப்பட்டது. பட்டை தீட்டும் கலை வளர்ந்த பின்னரே வெட்டு ஓர் அளவுகோலாயிற்று.

அணிகலனின் உண்மையை ஒருவரின் சொல்லை மட்டும் நம்பி முடிவு செய்வதன் விளைவையும் இக்காப்பியமே காட்டுகிறது. புகாரிலிருந்து மதுரைக்குச் சென்ற கோவலன், பொற்கொல்லன் சொல்லால் கள்வனாகக் கருதப்பட்டுக் கொல்லப்பட்டான். சிலம்பினுள் இருந்தது முத்தா, மாணிக்கமா என்ற சோதனை அவன் இறந்த பின்னரே நடந்தது.

ஒளியியல் அடிப்படை

வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42. எனவே காற்றைப் பொறுத்து அதன் மாறுநிலைக் கோணம் சுமார் 24.4° மட்டுமே. கல்லினுள் சென்ற ஒளி, அடிப்பகுதிப் பட்டைகளில் இக்கோணத்தை விட அதிகமான படுகோணத்தில் விழுந்தால் முழு அக எதிரொளிப்பு அடைந்து மேல்நோக்கித் திரும்பும். குறைவான கோணத்தில் விழுந்தால் அதன் பெரும்பகுதி வெளியே கசிந்துவிடும்.

மார்செல் டோல்கோவ்ஸ்கி என்னும் பொறியாளர் 1919-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கீட்டின்படி, வட்ட வடிவ வைரத்தின் அடிப்பகுதிச் சாய்வு 40.75°, மேற்பகுதிச் சாய்வு 34.5°, மேல்தட்டின் அகலம் கல்லின் விட்டத்தில் 53% என அமைவது சிறந்தது. பிற்கால ஆய்வுகள், இவ்வளவுகளுக்கு அருகில் வேறு சேர்க்கைகளும் நல்ல ஒளியைத் தரும் எனக் காட்டின. அடிப்பகுதி மிக ஆழமானால் கல்லின் நடுப்பகுதி இருண்டு தெரியும். மிகத் தட்டையானால் மேல்தட்டினுள் வெளிறிய வளையம் தோன்றும். இது 'மீன்கண்' எனப்படுகிறது.

படமெடுக்கும் முறை

ஒரு காரட் எடையுள்ள வட்ட வைரத்தின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். ஆகவே அண்மைப் படமெடுக்கும் மேக்ரோ வில்லை தேவை. கல்லை நன்கு துடைத்து, அதன் மேல்தட்டு வில்லைக்கு இணையாக இருக்குமாறு வைக்க வேண்டும். சில பாகை சாய்ந்தாலும் ஒருபுறம் மட்டும் கசிவு இருப்பதுபோல் படம் பொய் சொல்லும். படக்கருவியை மிக அருகில் கொண்டு சென்றால் அதன் நிழலே கல்லினுள் கருமையாகப் பிரதிபலிக்கும். ஒளி மிகுந்தால் வெண்மை படர்ந்து குறைகள் மறைந்துவிடும்.

சாதாரண வெள்ளொளிப் படத்தைவிட, திரும்பும் ஒளி எங்கிருந்து வந்தது என்பதை நிறத்தால் பிரித்துக் காட்டும் படங்களே அதிகம் பயன்படுகின்றன.

* ஐடியல்ஸ்கோப்: கல்லின் மேல் சிவப்பு எதிரொளிப்பானும், பின்புறம் வெள்ளொளியும் இருக்கும். சிவப்பு, திரும்பி வரும் ஒளியையும், வெண்மை கசிவையும், கருமை வில்லையின் நிழலையும் குறிக்கும். சமச்சீரான கருமை கல்லுக்கு ஒளி வேறுபாட்டைத் தருவதால் அது குறையன்று.
* ஏசெட்: அமெரிக்க மணிக்கல் சங்கத்துடன் தொடர்புடைய முறை. அடிவானத்திலிருந்து 0°–45° வரையிலான ஒளி பச்சையாகவும், 45°–75° சிவப்பாகவும், 75°–90° நீலமாகவும் தெரியும். நீலம் பார்ப்பவரின் தலை மறைக்கும் பகுதியாகும். சிவப்பு மிகுந்த, சமச்சீரான படமே விரும்பப்படுகிறது.
* இதயமும் அம்பும்: மிகத் துல்லியமாக வெட்டிய வட்டக் கல்லில், மேலிருந்து எட்டு அம்புகளும் கீழிருந்து எட்டு இதயங்களும் தெரியும். இது சமச்சீரை மட்டுமே காட்டும்.

அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 2006-ஆம் ஆண்டு முதல் வட்ட வைரங்களுக்கு வெட்டுத் தரம் வழங்கி வருகிறது. அது கல்லின் அளவுகளிலிருந்து கணிக்கப்படுவது. ஒரே தரம் பெற்ற இரு கற்களின் ஒளிப்படங்கள் வேறுபடலாம் என்பதால், சான்றிதழோடு படத்தையும் ஒப்பிடுவது பயனுள்ளது.

வரம்புகள்

* நிலைப்படம் கல் அசையும்போது தோன்றும் மினுக்கத்தைக் காட்டாது. அதற்குக் கல்லைச் சுழற்றிப் பல படங்களோ நிகழ்படமோ எடுக்க வேண்டும்.
* இயற்கை வைரத்தையும் ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் இப்படங்கள் வேறுபடுத்தா. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றே. அதற்கு நிறமாலை ஆய்வு தேவை.
* திருச்சிராப்பள்ளிப் பகுதியில் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டப்பட்டு வந்த செயற்கைக் கற்களைப் போன்றவையும் நன்கு வெட்டப்பட்டால் ஒழுங்கான வடிவத்தைக் காட்டக்கூடும். கல் வைரம்தானா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.
* பின்புறம் மூடிய கட்டுமானத்தில் அமைந்த தோடு, மூக்குத்தி ஆகியவற்றில் பின்னொளி ஊடுருவாது. ஆகவே கல்லைப் பதிக்கும் முன்னரே படமெடுக்க வேண்டும்.
* கல்லின் அடியில் எண்ணெய் படிந்தால் மாறுநிலைக் கோணம் 24.4°-இலிருந்து சுமார் 37° ஆக உயர்ந்து, ஒளி கசியும். நாள்தோறும் அணியும் வைரத்தோடு மங்கித் தெரிவதற்கு இது ஒரு பொதுவான காரணம். கழுவினால் பொலிவு மீளும்.

பயன்

இச்சோதனைக்குத் தேவையான கருவிகள் எளியவை. எடுத்த படத்தை விற்பவர், வாங்குபவர், மூன்றாம் நபர் ஆகிய அனைவரும் ஒரே அளவுகோலால் பார்க்கலாம். பல ஆண்டுகள் கழித்து, பழுதுபார்க்கக் கொடுத்த நகையில் அதே கல் திரும்பி வந்துள்ளதா என ஒப்பிடவும் பழைய படம் உதவும். கல்லைப் பற்றிய முடிவை ஒருவரின் சொல்லுக்கு மட்டும் விட்டுவிடாமல், எவரும் சரிபார்க்கத்தக்க சான்றாக மாற்றுவதே இதன் முதன்மையான பயனாகும்.