நம்பர் ஒன் எண்டு சொன்னது ஆர்? பாட்டுப் பட்டியல்களின் சரித்திரம் பற்றிக் கொஞ்சம்

ஒவ்வொரு கிழமையும் ஆராவது ஒரு ஸ்கிரீன்ஷொட் போடுகிறார்கள். "எங்கட ஆளின்ர பாட்டு நம்பர் ஒன்" எண்டு. கீழே சண்டை தொடங்கும். ஒருவர் யூடியூப் வியூஸ் காட்டுவார், இன்னொருவர் ஸ்பொட்டிஃபை பட்டியலைக் காட்டுவார், மூன்றாமவர் வந்து ரெண்டுமே காசு குடுத்துச் செய்த வேலை என்பார். நாங்களும் இந்தச் சண்டைகளில் கலந்துகொண்டவர்கள்தான். ஆனால் அதற்குள் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. இதை எண்ணியது யார்? எந்தக் காதுகளை எண்ணினார்கள், எந்தக் காதுகளை விட்டுவிட்டார்கள்?

எங்கட கருத்தை முதலே சொல்லிவிடுகிறோம். சிங்கிள்ஸ் சார்ட் என்பது சனத்தின் ரசனையைக் காட்டும் கண்ணாடி என்று நாங்கள் நம்பவில்லை. யாரிடம் போய்க் கேட்டார்களோ அவர்களின் ரசனையைத்தான் அது காட்டும். கேட்கப்படாத ஆட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு வரலாறு எழுதுகிறவர்கள் பட்டியலை வைத்தே எழுதுவதால், வரலாற்றிலும் அவர்கள் இல்லாமல் போகிறார்கள்.

இருபது கடைக்கு ஒரு போன்

அமெரிக்காவில் பில்போர்ட் சஞ்சிகை 1940 ஜூலையிலேயே இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் போடத் தொடங்கிவிட்டது. பிரித்தானியாவில் அப்போது ஒரு பாட்டு எவ்வளவு பிரபலம் என்பதை அதன் இசைக் குறிப்புத் தாள் எத்தனை விற்றது என்பதை வைத்துத்தான் பார்த்தார்கள். வீட்டில் பியானோ வைத்திருக்கிறவர்களின் கணக்கு அது.

1952 நவம்பர் 14 ஆம் திகதி நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை பிரித்தானியாவின் முதல் சிங்கிள்ஸ் சார்ட்டை வெளியிட்டது. அதைச் செய்தவர் பேர்சி டிக்கின்ஸ். அவர் இசை விமர்சகர் இல்லை, பத்திரிகையின் விளம்பரப் பகுதியைப் பார்த்தவர். சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்கு போன் எடுத்து, இந்தக் கிழமை எது கூட விற்றது என்று கேட்டார். கிடைத்த பதில்களைக் கூட்டி 12 இடங்கள் கொண்ட பட்டியல் போட்டார். சில இடங்களில் சமநிலை வந்ததால் 12 இடத்தில் 15 இசைத்தட்டுகள் இருந்தன. அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோ முதலிடம். ஒன்பது கிழமை அவரே அந்த இடத்தில் இருந்தார்.

இந்தப் பட்டியலால் இசைத்தட்டுக் கொம்பனிகளின் விளம்பரம் பத்திரிகைக்கு வரும் என்பதுதான் கணக்கு. வந்தது. அதில் ஒரு குற்றமும் இல்லை, பத்திரிகையும் பிழைக்க வேணும்தானே. ஆனால் இன்றுவரை பிரித்தானிய பொப் இசையின் சரித்திரம் தொடங்குகிற புள்ளியாக அந்த இருபது போன் அழைப்புகளைத்தான் சொல்கிறார்கள். அந்த இருபது கடைக்குப் போகாத சனமும் அந்தக் கிழமை பாட்டுக் கேட்டிருக்கும்.

பத்தொன்பது நாள் கழித்துக் கொழும்பில்

இனித்தான் எங்களுக்குப் பிடித்த பகுதி. லண்டனில் அந்தப் பட்டியல் வந்து பத்தொன்பது நாள் கழித்து, 1952 டிசம்பர் 3 ஆம் திகதி, எங்கட கொழும்பிலிருந்து பினாகா கீத்மாலா ஒலிபரப்பானது. இந்தியாவின் மிகப் பிரபலமான ஹிந்திப் பாட்டுப் பட்டியல் நிகழ்ச்சி இந்தியாவிலிருந்து தொடங்கவில்லை, இலங்கை வானொலியிலிருந்து தொடங்கியது.

காரணம் ஒரு அமைச்சர். 1952 இல் இந்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குத் திரையிசை தரக்குறைவாகப் பட்டது. ஆகாசவாணியில் அதன் நேரத்தைக் குறைத்தார். பிறகு தயாரிப்பாளர்களோடு தகராறு வந்து, திரைப்பாட்டு அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போனது. சாஸ்திரிய சங்கீதம் கேட்டு சனம் திருந்தும் என்று நினைத்தார்கள். சனம் திருந்தவில்லை, ரேடியோ முள்ளைத் திருப்பியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக இயங்கிய ரேடியோ சியாக்கின் பலமான சிற்றலைக் கருவிகள் கொழும்பில் இருந்தன. போர் முடிந்து அவை இலங்கைக்கு வந்தன. 1950 இல் வர்த்தக சேவையும் ஆரம்பமாகியிருந்தது. ஆகாசவாணி மூடிய கதவுக்குள்ளால் கொழும்பின் அலை உள்ளே போனது.

அமீன் சயானி பம்பாயில் நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்வார், நாடா கொழும்புக்கு வரும், புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இங்கிருந்து முழு இந்தியாவுக்கும் போகும். தொடக்கத்தில் அது ஒரு போட்டி. ஏழு பாட்டைக் கலைத்துப் போடுவார்கள், நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேணும். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்தது என்று சயானி சொல்லியிருக்கிறார். பிறகு அது கிழமைக்கு 65,000 வரை போனது. அவ்வளவு கடிதத்தையும் பார்த்து முடிக்க ஏலாமல், 1954 இல் போட்டியை விட்டுவிட்டு வரிசைப் பட்டியலாக மாற்றினார்கள். இசைத்தட்டு விற்பனையோடு ஊர் ஊராக இருந்த வானொலி நேயர் சங்கங்களின் வாக்கையும் சேர்த்தார்கள்.

இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. லண்டன் பட்டியல் கடையில் காசு குடுத்து வாங்கினவரை மட்டும் எண்ணியது. கீத்மாலா, இசைத்தட்டு வாங்க வழியில்லாத, ஆனால் தபால் அட்டை வாங்கக்கூடிய ஒருவரையும் எண்ணப் பார்த்தது. அதற்காக அது சுத்தமான சனநாயகம் என்று சொல்ல மாட்டோம். பற்பசை விற்கத்தான் அந்த நிகழ்ச்சியும் வந்தது. ஆனாலும் எண்ணும் வட்டம் பெரிசாக இருந்தது.

எங்கட தமிழ்ச் சேவை இன்னொரு வழியில் போனது. மயில்வாகனத்தின் குரலைத் தமிழ்நாட்டுச் சனமும் காத்திருந்து கேட்டது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் ஒரு பாட்டுக்கு முன்னால் அதைக் கேட்டு எழுதினவர்களின் பெயரும் ஊரும் நீளமாக வாசிக்கப்படும். பாட்டு மூன்று நிமிசம் என்றால் பெயர் வாசிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு போகும் என்று வீட்டில் பெரியாக்கள் பகிடி விடுவார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. யார் கேட்டார்கள் என்று சொன்னார்கள்.

வெறுமையாக விட்ட வரி

எண்ணுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்ட கதைகளும் உண்டு. 1977 இல் எலிசபெத் மகாராணியின் வெள்ளிவிழா நேரத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தேசிய கீதத்தின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டை வெளியிட்டது. பி.பி.சி. அதை ஒலிபரப்ப மறுத்தது. சில கடைகள் விற்க மறுத்தன. சில கடைகளில் தொங்கிய பட்டியலில் அந்தப் பாட்டின் இடம் வெறுமையாக விடப்பட்டது. அதிகாரபூர்வ சார்ட்டில் அது இரண்டாமிடம். ரொட் ஸ்டுவர்ட் முதலிடம். நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பட்டியலில் பிஸ்டல்ஸ்தான் முதலிடம். உண்மையில் எது கூட விற்றது என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

அது சத்தமாக நடந்தது, எல்லாரும் பேசினார்கள். சத்தமில்லாமல் நடந்ததுதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. 1980களில் சவுத்தோலிலும் பேர்மிங்காமிலும் பஞ்சாபி இளைஞர்களின் பங்ரா இசை பெரிசாக எழும்பியது. அலாப், ஹீரா போன்ற குழுக்களின் கசெற்றுகள் ஆயிரக்கணக்கில் விற்றன. ஆனால் விற்றது சாறிக் கடையிலும் பலசரக்குக் கடையிலும். சார்ட் தயாரிப்பவர்கள் கணக்கு எடுத்த கடைகளில் அவை இல்லை. அதனால் அந்த ஆண்டுகளின் சிங்கிள்ஸ் சார்ட்டைப் புரட்டினால், பங்ரா என்று ஒன்று பிரித்தானியாவில் நடந்ததாகவே தெரியாது. யாரும் தடை போடவில்லை. எண்ணாமல் விட்டார்கள், அதுவே போதுமாக இருந்தது.

கருவி மாறினால் ரசனையும் மாறுமா?

1991 வரை பில்போர்ட்டும் கடைக்காரரின் வாயைத்தான் நம்பியது. எது கூட விற்றது என்று கடையில் நிற்கும் ஆள் சொல்வார். அவருக்குப் பிடித்ததும், கொம்பனி ஆட்கள் குடுத்த பரிசுகளும் அந்தப் பதிலுக்குள் கலந்திருக்கும். 1991 மே மாதம் அல்பம் பட்டியலுக்கு சவுண்ட்ஸ்கான் முறை வந்தது. கல்லாவில் பார்கோட் வாசிக்கப்படும்போதே விற்பனை பதிவாகும். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. குழுவின் ராப் அல்பம் முதலிடம். செப்டெம்பரில் கார்த் புரூக்ஸின் கண்ட்ரி அல்பம் வந்த கிழமையே முதலிடம்.

அமெரிக்கச் சனம் அந்தக் கோடையில் திடீரென்று ராப்புக்கும் கண்ட்ரிக்கும் மாறிவிட்டதா? இல்லை. அவர்கள் முதலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கறுப்பின இளைஞர்களும் நாட்டுப்புறத்து வெள்ளையர்களும் வாங்கினதைக் கடைக்காரர் சொல்லவில்லை, இயந்திரம் சொன்னது.

அப்ப இன்றைக்கு எல்லாமே இயந்திரம்தானே, இனிப் பிரச்சினை இல்லையே என்று கேட்பீர்கள். இயந்திரத்துக்கு விதி எழுதுகிறது மனிசர்தான். 2017 மார்ச்சில் எட் ஷீரனின் ஒரே அல்பத்திலிருந்து 16 பாட்டுகளும் பிரித்தானிய டொப் 20 க்குள் வந்தன. உடனே ஒரு கலைஞருக்கு மூன்று பாட்டுத்தான் என்று விதி வந்தது. 2018 இல் இன்னொரு விதி. காசு கட்டிக் கேட்பவர்களின் 100 கேட்டல் ஒரு விற்பனைக்குச் சமம். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களுக்கு 600 வேணும். அதாவது காசில்லாத ஒரு மாணவரின் காது, காசுள்ளவரின் காதில் ஆறில் ஒரு பங்கு. 2020 இல் தொடங்கிய பில்போர்ட்டின் உலகப் பட்டியலிலும் காசு கட்டிய கேட்டலுக்குத்தான் எடை கூட. இலங்கைக்கு ஸ்பொட்டிஃபை வந்ததே 2021 இல். எங்கட பெடியள் பெட்டையளில் எத்தனை பேர் மாதச் சந்தா கட்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

விளம்பரம் வாங்கியும் எண்ணிக்கை ஏற்றலாம். 2019 இல் இந்திய ராப் பாடகர் பாட்ஷாவின் பாட்டு ஒன்று 24 மணித்தியாலத்தில் 75 மில்லியன் பார்வை பெற்றது. விளம்பரமாக ஓடிய பார்வைகளும் அதற்குள் இருந்தன. அந்த செப்டெம்பரில் யூடியூப், 24 மணித்தியாலச் சாதனைக்கு விளம்பரப் பார்வைகளை இனி எண்ணமாட்டோம் என்று அறிவித்தது. எண்ணும் விதி ஒரே நாளில் மாறியது.

டைனமோவில் கேட்ட பாட்டு

இப்ப எங்கட பக்கம் வருவோம். எழுபதுகளில் ஈழத்துப் பொப் இசை என்று ஒரு அலை வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் இன்றைக்கும் கலியாண வீட்டில், சுற்றுலா பஸ்ஸில் பாடப்படுகின்றன. எந்தக் கிழமை எத்தனையாவது இடத்தில் இருந்தன? அப்படியொரு இடமே இருக்கவில்லை. அம்பது வருசமாகச் சனம் பாடுவது எந்தப் பட்டியலிலும் ஒரு வரியாகக்கூட வராது.

அதுக்குப் பிறகு போர். 1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் மற்றவர்கள் ரேடியோவும் கசெற்றும் கேட்டார்கள். சுற்றுவது மெதுவானால் பாட்டும் இழுபடும். ரெக்கோர்டிங் பாரில் தாளில் எழுதிக் குடுத்துப் பதிந்த கசெற்றுகள் வீடு வீடாகக் கைமாறின. ஒரு பாட்டைக் கேட்க ஒருவர் கால் நோக மிதித்தார் என்றால், அந்தக் கேட்டலின் எடை என்ன? 100 க்கு ஒன்றா, 600 க்கு ஒன்றா?

2008 இல் மாயாவின், அதாவது எம்.ஐ.ஏ.யின், 'பேப்பர் பிளேன்ஸ்' பில்போர்ட் ஹொட் 100 இல் நாலாமிடம் வரை போனது. அல்பம் வந்து ஒரு வருசம் கழித்து, ஒரு ஹொலிவுட் படத்தின் ட்ரெய்லரில் வந்த பிறகுதான் அது ஏறியது. எங்களுக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் எங்கட இசைச் சரித்திரத்தில் அந்த நாலாமிடத்துக்கு மட்டும் திகதியோடு ஆதாரம் இருக்கிறது, டைனமோ கேட்டலுக்கு ஒன்றும் இல்லை என்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே சார்ட்டைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் பார்ப்போம், சண்டையும் பிடிப்போம். பார்க்கும்போது எண்ணியவர் யார், விதி என்ன என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள் என்கிறோம். அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டில் அம்மாவிடம், மாமாவிடம், பக்கத்து வீட்டு அன்ரியிடம் கேளுங்கள்: அந்த நாளில் டைனமோ சுற்றிக் கேட்டது எந்தப் பாட்டு? யார் மிதித்தது? எந்த வருசம், எந்த ஊர்? பதிலைத் திகதி போட்டு எழுதி வையுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கசெற்றுகள் பெரும்பாலும் போய்விட்டன. மிதித்த ஆட்களுக்கும் வயது போகிறது.