ஒரு லேபிளுக்காகப் போராடிய டாக்டர்

1/ மக்களே, உங்க வீட்டு பாத்ரூம் ஆசிட் எந்த பாட்டில்ல இருக்கு? பழைய தண்ணி பாட்டில்லயா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

2/ 100 வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கா. சோப்பு காய்ச்சவும், கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுக்கவும் வீடுகளில் 'லை' வாங்கி வைத்திருப்பார்கள். வேற ஒண்ணுமில்ல, காஸ்டிக் சோடாதான். பார்க்க வெள்ளையா சர்க்கரை மாதிரி இருக்கும். தவழும் குழந்தை அள்ளி வாயில் போட்டால்?

3/ காரம் திசுக்களைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். பிழைத்த குழந்தைக்கும் சில வாரங்களில் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கும். முதல்ல ரொட்டி இறங்காது. அப்புறம் பால். கடைசியில் தண்ணீர்கூட.

4/ பிட்ஸ்பர்க் நகரில் அப்படி வந்தாள் ஒரு சிறுமி. பார்த்தவர் டாக்டர் செவாலியர் ஜாக்சன். (பட்டம் இல்லீங்க, பேரே அதுதான்!) உலோகக் குழாயை உள்ளே விட்டு, அடைத்திருந்ததை எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். பயந்து பயந்து குடித்தாள். இறங்கியது! அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

5/ விழுங்கிய பொருட்களை வெளியே எடுப்பதில் உலகப்புகழ் பெற்றவர் ஜாக்சன். 2000-க்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்தே வைத்திருந்தார். ஆனால் வெந்துபோன உணவுக்குழாயை அவராலும் பழையபடி ஆக்க முடியவில்லை. மாதக்கணக்கில் விரித்து விரித்துத்தான் சோறு இறங்க வைக்கணும்.

6/ அதனால் மருத்துவமனையை விட்டு வெளியே வந்து சட்டம் கேட்டார். பல வருஷப் போராட்டம். 1927 மார்ச் 4 அன்று அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்டார். வீட்டு உபயோக ஆசிட், காரப் பொருட்களின் டப்பாவில் 'விஷம்' என்ற எச்சரிக்கையும் முதலுதவிக் குறிப்பும் கட்டாயம். குழந்தைகள் திறக்க முடியாத மூடிக்கான சட்டம் 1970-ல்தான் வந்தது.

7/ அந்த லேபிளையும் மூடியையும்தான் நாம ஒரு நிமிஷத்துல தூக்கி எறியுறோம், தண்ணி பாட்டிலுக்கு மாத்தும்போது. "என்ன குடிச்சான்?"னு நாங்க கேட்டா, "தெரியல டாக்டர், ஊத்தி வெச்சிருந்தோம்"னு பதில் வரும்.

8/ குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, ஏறும்போதும் சுடும். எலுமிச்சைச் சாறு வேண்டாம். பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரி. கண்ணிலோ தோலிலோ பட்டால் குறைந்தது 20 நிமிஷம் ஓடும் தண்ணியில கழுவிட்டு வாங்க.

9/ இப்பவே எழுந்து போய் அந்த பாட்டிலைப் பாருங்க. வாங்கின டப்பாவிலேயே, பூட்டின அலமாரியில இருக்கட்டும்.